பக்கத்து வீட்டுக்காரன் வேலை

உன் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது. வாத்தியார் என்று சொல்லலாம் என்றால் கையில் புத்தகம் கிடையாது. நடிகன் என்று சொல்லலாம் என்றால் மேடை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பதுதான் அவன் வேலை, அதற்கு மாதாமாதம் சம்பளம் என்பேன். கேட்டவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும். உண்மை அதுதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வருஷா வருஷம் இங்கேயிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, ஒரு வருஷம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள். ஃபெல்லோ என்று அவர்களுக்குப் பெயர். சின்னப் பிள்ளைகள் இல்லை. டாக்டர், தண்ணீர் வாரிய என்ஜினியர், பத்திரிகைக்காரர், தலைமை ஆசிரியர் என்று வேலையில் ஊறி, காதோரம் நரை எட்டிப் பார்க்கிற ஆட்கள். அங்கே போனதும் முழி பிதுங்கக் கூடாது என்று, கிளம்பும் முன் ஒன்றரை மாதம் பயிற்சி கொடுப்பார்கள்.

மூடிப்போன துணிக்கடை ஒன்றின் மேல்தளத்தில் அந்தப் பயிற்சி நடந்தது. பாதி இடம் வகுப்பு. மீதிப் பாதியில் ஒரு அமெரிக்க வீட்டையே செய்து வைத்திருந்தார்கள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சுவர் முதல் சுவர் வரை தரைவிரிப்பு, மின்சார அடுப்பு, புகை பட்டால் அலறுகிற வெள்ளை டப்பா ஒன்று கூரையில், கதவில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை. ஜன்னல் இருந்தது, திறக்க வராது.

"இந்தப் பொட்டிக்குள்ளயா ஒரு வருஷம் கெடப்பாங்க?" என்றேன்.

"இது பெருசுக்கா. அங்க இதுல பாதி கெடச்சா அதிர்ஷ்டம்" என்றான் தம்பி.

பேராசிரியரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது, அடுத்தவர் எழுதினதை எப்படி எடுத்தாளுவது என்பதெல்லாம் மேடம் எடுக்கிற பாடம். மேடம்தான் அந்த இடத்துக்குத் தலைமை. தம்பிதான் மற்ற எல்லாமும். கடையில் கல்லாப்பெட்டிக்காரன், பஸ் டிரைவர், வீட்டுச் சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் எல்லாம் அவன்தான். சட்டையைக்கூட மாற்ற மாட்டான். முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வான். ஒரு நாள் எல்லோரையும் ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றின் குளிர் அறைக்குக் கூட்டிப் போய், பெரிய கோட்டு மாட்டி, கையுறை போட்ட விரலால் பித்தான் போட வைப்பான். தலைமை ஆசிரியர் ஒருவர், "சார், என் மூக்கு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கத்தினாராம். இதைச் சொல்லும்போதுகூட இவன் சிரிக்கவில்லை.

இவனே ஒரு காலத்தில் அந்த மாதிரி ஒரு வருஷம் போய்வந்தவன்தான். அப்போது நூலகத்தில் வேலை. போன புதிதில் மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து அறைக்காரன், "ஹவாரியூ?" என்று கேட்டிருக்கிறான். இவன் நின்று, பல் வலி, சாப்பாடு இறங்காதது, வீட்டில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான். அந்த ஆள் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கி, கடைசியில் தெருவுக்கே ஓடிப் போனான். அப்புறம் அந்த வருஷம் முழுக்க, இவன் வருகிற சத்தம் கேட்டால் அந்தக் கதவு திறக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது மட்டும் கேட்குமாம்.

அதிலிருந்துதான் இவன் பாடம் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லா இருக்கேன், நீங்கள் என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டு. அவனும் நிற்க மாட்டான், நீயும் நிற்காதே. இரண்டாம் தடவை யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் இப்போதே பழகிக்கொள். காலையிலிருந்து சாயந்திரம் வரை வராந்தாவில் எதிரும் புதிருமாக நடக்கவிட்டு இதையே சொல்லிக் கொடுத்ததில், அவனுக்கு ஹவாரியூ சார் என்றே பெயர் விழுந்துவிட்டது.

வேலையில் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்து இருந்து, வீட்டிலும் அப்படியே ஆகிப்போனான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறைதான் அவனுக்கு. என் சமையலறைக் கதவைத் தாண்டும்போது "எப்படி இருக்கேக்கா?" என்பான். நான் திரும்புவதற்குள் பாதிப் படி ஏறியிருப்பான்.

"முட்டி வலி, குழாய்ல தண்ணி வரல, ஒம் மருமவன் கோவிச்சுக்கிட்டு போயிட்டான். போதுமாடா?" என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்துவேன்.

"நல்லதுக்கா!" என்று மேலேயிருந்து சத்தம் வரும். கதவு சாத்துகிற ஓசையும் வரும்.

நான் சொல்ல வந்தது அந்த நர்ஸ் விஷயம். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். குறைமாசப் பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிற வித்தையை அங்கே போய்ப் படித்து வர வேண்டும் என்று பல வருஷம் கேட்டுக் கேட்டு, வயது வரம்பு முடிகிற வருஷத்தில்தான் இடம் கிடைத்தது. இதை விட்டால் அவ்வளவுதான். தம்பி மறந்து வந்த குடையைக் கொடுக்க ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாய் நிறையச் சிரிக்கிற பெண்.

"ஏம்மா, ஒங்க தம்பி இதுவரைக்கும் எங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சதில்ல. அது பாடமா, இல்ல அவர் கொணமே அப்படியா?"

"ரெண்டுந்தான். நீ உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளையின் கை என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும் என்று காட்டினாள். தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து குடையை வாங்கிக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

வகுப்பெல்லாம் முடிந்ததும், முறை வைத்துத் தனி இருப்பு என்று ஒன்று உண்டு. இது தம்பியே யோசித்து வைத்தது. ஒவ்வொருவரும் அந்த அமெரிக்க வீட்டில் மூன்று நாள் தனியாக இருக்க வேண்டும். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்து, படித்து, எழுதிக்கொண்டு கிடக்க வேண்டும். காலையில் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவான். அழுதாலோ, கையைப் பிடித்தாலோ, வெளியே ஓடி வந்தாலோ, இந்த ஆள் இன்னும் பழகவில்லை என்று தம்பி மேடத்திடம் சொல்வான். இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போகும். முந்தின வருஷம் பத்திரிகைக்காரர் ஒருவர் முதல் சாயந்திரமே, "சார், யாரோடயாவது ரெண்டு வார்த்த பேசணும், ஒங்க கால்ல வேணா விழறேன்" என்று அழுது இடத்தைப் பறிகொடுத்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

நர்ஸின் முறை வந்தது. முதல் நாள் குறை ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அவன் வீட்டுக்கு வந்து, தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்தான்.

"என்னடா?"

"அந்தப் பொண்ணுக்கு மொகம் சரியில்லக்கா. வேர்த்து ஊத்துது. ஒரு கையால கதவப் புடிச்சிருந்தா, இன்னொரு கையால இடுப்ப."

"கேட்டியா?"

"கேட்டேன். நல்லா இருக்கேன், நீங்கன்னா."

"திரும்பக் கேட்டியான்னு கேக்குறேன்."

"திரும்பக் கேக்கக் கூடாதுக்கா. அதுதான் பாடமே. நான் திரும்பக் கேட்டு அவ வாயத் தெறந்துட்டா, தோத்துட்டான்னு ஆயிடும். அவளுக்கு இது கடைசி வருஷம்."

"அப்ப ஒம் பாடத்தக் கொண்டுபோயி குப்பையில போடு."

"ஒனக்கு இதெல்லாம் புரியாதுக்கா" என்று எழுந்து கை கழுவப் போனான். எனக்குப் புரியாதாம். ஒரு மனுஷி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதில் புரிய என்ன இருக்கிறது? இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். கதவைத் தட்டியிருக்கிறான். திறக்கவில்லை. உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு குரல் மட்டும், நல்லா இருக்கேன், நன்றி என்று இங்கிலீஷில் வந்தது. வீட்டுச் சொந்தக்காரனும் அவன்தானே, சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தான். அங்கே சொந்தக்காரன் முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் குடியிருக்கிறவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் எதிர்த்து நில்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறான்.

"எவ்வளவு நேரம் நின்னேன்னு மட்டும் கேக்காதக்கா" என்றான் அப்புறம். நான் கேட்கவில்லை.

கடைசியில் இங்கிலீஷை விட்டுவிட்டு, "அம்மா, என்னம்மா பண்ணுது ஒனக்கு?" என்று நம் பேச்சில் கேட்டிருக்கிறான். பதில் வரவில்லை. அழுகைதான் வந்தது. கதவைத் திறந்தான். அடுப்புக்குப் பக்கத்தில், தரைவிரிப்பில், முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கீழே இருந்த காவலாளியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி டாக்ஸியில் போட்டார்கள். குடல்வால் வீங்கி, வெடிக்கிற கட்டம். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் டாக்டர். அவளுக்குத் தெரியாதா? நர்ஸ்தானே. முந்தின நாளே என்ன வலி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மயக்கம் தெளிந்ததும், கட்டில் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து அவள் கேட்ட முதல் வார்த்தை, "சார், நான் பாஸா?"

அவன் வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். அங்கே டீ கொடுக்கிற அம்மாள் எங்கள் தெரு. அவள் வந்து நடந்ததை அப்படியே சொன்னாள்.

மேடம் கெட்டவர் இல்லை, நியாயமாகத்தான் பேசினாராம். "வியாதிய மறைச்சிருக்காங்க. அங்க போயி இப்படி மறைச்சா யார் பொறுப்பு? இடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துடலாம்."

"அவங்க மறைக்கல மேடம். நான் சொல்லிக் குடுத்தத செஞ்சாங்க. எங்கிட்ட படிச்சவங்கள்ல இவங்க அளவுக்கு ஒழுங்கா யாரும் படிச்சதில்ல."

"அப்ப பாடம் தப்புங்கறீங்களா?"

"தப்புதான்."

"சார், யோசிச்சுப் பேசுங்க. இத்தன வருஷமா அனுப்புன அத்தன பேருக்கும் தப்பா சொல்லிக் குடுத்தோம்னு நான் எழுதி மேல அனுப்பணுமா?"

"நாம இல்ல மேடம், நான். அப்படியே எழுதுங்க. அவங்க இடத்துல கை வைக்காதீங்க."

டீ ஆறிப்போய், அந்த அம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நர்ஸின் இடம் தப்பியது. தையல் ஆறட்டும் என்று, மற்றவர்கள் போய் மூன்று வாரம் கழித்து அவளைத் தனியாக விமானம் ஏற்றிவிட்டார்கள். தனி இருப்பை எடுத்துவிட்டார்கள். தப்பான பாடம் என்று அவனே ஒத்துக்கொண்ட பிறகு அவனை எப்படி வைத்துக்கொள்வது? வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். மேடம் வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். வீட்டுக்கு வந்து, "வேல போச்சுக்கா" என்றான், பால் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி.

நான் நினைத்தேன், இனிமேலாவது கீழே வந்து உட்காருவான், நாலு வார்த்தை பேசுவான் என்று. அது நடக்கவில்லை. மேடம் கேட்ட கேள்வி அவனை விடவில்லை. இத்தனை வருஷத்தில் அனுப்பினவர்களில் யார் யார் எந்தத் தரைவிரிப்பில் கிடந்தார்களோ, யாருக்குத் தெரியும்? கைபேசியில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தான். ஒரு வருஷம் முடிந்து திரும்பி வந்தவர்கள் பாதி, அங்கேயே வேலை பார்த்துத் தங்கிவிட்டவர்கள் பாதி. பாதிப் பேர் எடுப்பதில்லை. எடுக்கிறவர்கள், "அட, ஹவாரியூ சாரா! நல்லா இருக்கேன் சார், நீங்க?" என்று சிரிக்கிறார்கள். இவன், "இல்ல, நெசமா கேக்குறேன். அந்த வருஷம் அங்க எப்படி இருந்தீங்க?" என்பான். அந்தப் பக்கம் குழம்பிப்போய், "எல்லாம் ஒங்க தயவுல நல்லபடியா முடிஞ்சது சார், ஒரு மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவார்கள். தண்ணீர் வாரிய என்ஜினியர் ஒருவர், பணம் ஏதாவது வேண்டுமா சார் என்றே கேட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன்.

"விடுறா. அவங்க நல்லா இருக்கேங்கறாங்கல்ல?"

"நான்தானேக்கா அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றான்.

போன வாரம் ஒரு மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பேசக்கூடாது என்று எனக்குக் கையைக் காட்டினான். அந்தப் பக்கம் அவனிடம் படித்துப் போன யாரோ ஒரு ஆண் பேசிக்கொண்டே இருந்தான். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை, இடையிடையே மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. தம்பி, "ம்... சொல்லுங்க... அப்புறம்?" என்றான். மறுபடியும், "அப்புறம்?"

டீயை மேஜையில் வைத்து ஒரு தட்டால் மூடிவிட்டு, சத்தம் போடாமல் இறங்கி வந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அவன் கீழே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.