குஞ்சுப் பெட்டியில் வந்த பூனை

ஒரு பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர இவ்வளவு சாமான் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா என்பதும் தெரியாது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போனில் யோசனையைச் சொன்னாள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சரி என்றேன். ரவிக்கைக்குக் கை ஏற்றும்போது யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அது அவளுக்கும் தெரியும்.

யோசனை எனக்காக அல்ல, அவள் அப்பாவுக்காக. என் வீட்டுக்காரர் கறிக்கோழி வளர்த்தவர். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். பொரித்த அன்றே குஞ்சுகளைக் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். இவர் வளர்த்துக் கறிக்கு லாரியில் ஏற்றிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் தேதி கிழமை எல்லாம் குஞ்சின் வயசுதான். "இந்த பேட்ச் ஏறட்டும், போலாம்" என்றே பல நோம்பி, விசேஷங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறோம். போன வருஷம் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. மூட்டை தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி பேட்சை ஏற்றிவிட்டு ஷெட் கதவைக் கம்பி முறுக்கிக் கட்டியவர், அதன் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

பேச்சும் அதோடு போயிற்று. சாப்பிட வாங்க என்றால் 'ம்', போதுமா என்றால் 'ம்'. முதுகு வலி குறைந்துவிட்டது, ஆள்தான் திரும்பி வரவில்லை. விடியற்காலையில் எழுந்து ஷெட்டுக்கு ஓடிய மனுஷன் வெயில் ஏறும்வரை படுக்கையில் கிடந்தார். இத்தனை வருஷம் தூங்காத தூக்கத்தையாவது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் இல்லாமலே போய்விடுவாரோ என்று பயம். அதை மகளிடம் சொன்னதற்குத்தான் இந்தப் பதில் வந்தது: ஒரு பூனைக்குட்டி.

குழப்பம் அங்கேயே ஆரம்பித்தது. கோழிப் பண்ணைக்காரன் வீட்டில் பூனையா? கீரி, மரநாய், பூனை, மூன்றையும் எங்கள் வீட்டில் ஒரே முகத்தோடுதான் பார்ப்போம். ஷெட்டைச் சுற்றி அடி வைத்த பூனைகளை விரட்டுவதற்கென்றே இவர் வாசலில் கல் குவித்து வைத்திருந்தார். மகள் சின்ன வயசில் பூனை கேட்டு அழுதபோது, "பூனையும் நானும் ஒரே ஊட்டுல இருக்க முடியாது, எது வேணும்னு நீயே சொல்லு சாமி" என்று கேட்டவர் அவர். அவளும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தாள்.

சாமான் விஷயத்தில் மகள் குரல் செய்திகளாக அனுப்பித் தள்ளினாள். எங்கள் வீட்டில் சிக்னல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது; பின்னால் சொன்னது முன்னால் வரும், முன்னால் சொன்னது மறுநாள் வரும். "அதை மட்டும் ஊத்தீராதம்மா, வயித்தால போகும்" என்று ஒன்று வந்தது. எதை என்று சொல்லும் செய்தி வரவில்லை. நான் தண்ணீரிலிருந்து ரசம்வரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். சாயங்காலம்தான் தெரிந்தது, பால். பூனைக்குப் பால் ஆகாதாம். பிறந்ததிலிருந்து நான் நம்பிய ஒரு விஷயம் அன்றைக்குப் போயிற்று.

அடுத்தது நூல். வீட்டில் ஒரு துண்டு நூல்கூடக் கிடக்கக் கூடாது, விழுங்கினால் குடலில் சுற்றிக்கொள்ளும் என்றாள். தையல்காரி வீட்டில் நூல் கிடக்காமல் வேறு என்ன கிடக்கும்? என் சேலையைத் தட்டினாலே நாலு கலர் விழும். தையல் அறையைச் சாத்தி வைப்பது, பூனைக்கு மகளின் அறையைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு அறைக்கு நடுவில் நின்று, பூனைக்குக் கட்டில் வேண்டுமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன்.

பிறகு பார்சல் வந்தது. மகள் ஆர்டர் போட்டது. சணல் சுற்றிய ஒரு கம்பம் இருந்தது. அது எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை, நகம் கீறுவதற்காம். பிளாஸ்டிக் தட்டு ஒன்று, சின்னக் கரண்டி ஒன்று, பெரிய பையில் மணல். நான் பையைப் பிரித்து மோந்து பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னது அது?"

அவர் தானாக வாய் திறந்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. நான் பதறாமல், "மணலுங்க. பூனை வெளிய போறதுக்கு" என்றேன்.

"காவேரிக்கு இந்தாண்ட இருந்துட்டு மணலு பார்சல்ல வருதா?" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது. மீசை கொஞ்சம் அசைந்தது.

நான் விட்டுவிடவில்லை. சூட்டோடு சூடாக விஷயத்தைச் சொன்னேன். ராசிபுரத்தில் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஒரு அம்மா இருக்கிறார், தறி ஓட்டும் குடும்பம். அவர் வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, குட்டிகள் தாய்ப்பால் மறந்துவிட்டன, ஒன்றைத் தருகிறேன் என்கிறார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மணல் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தன உருப்படி?" என்றார்.

"ஒண்ணுதானுங்க."

"எக்ஸ்ட்ரா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. குஞ்சு இறக்கும்போது நூற்றுக்கு இரண்டு சேர்த்துத் தருவார்கள். வழியில் சாகிறதும் வந்து சாகிறதும் அந்தக் கணக்கில் போய்விடும். இவருடைய வாழ்க்கையில் எந்த உயிரும் இன்றுவரை ஒற்றையாக வந்து இறங்கியதில்லை.

"பூனைக்கெல்லாம் எக்ஸ்ட்ரா தரமாட்டாங்க" என்றேன்.

"அப்ப அது போச்சுன்னா?"

அதை மகளிடம் கேட்டேன். அவளிடமிருந்து வந்த செய்தி தடுப்பூசியைப் பற்றியதாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் நாற்காலியை மகளின் அறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஷெட்டுல தகடு சுத்தி வெச்சிருக்கும், எடுத்துட்டு வா" என்றார். தான் போகவில்லை, என்னை அனுப்பினார். நான் கம்பியைப் பிரித்து உள்ளே போய் எடுத்துவந்தேன். பிறகு தேங்காய் நார்த்தூள் என்றார், பழைய பேப்பர் என்றார், பல்பு என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை; கடைசியில் ஷெட் கதவுக் கம்பியைப் பழையபடி முறுக்கிவிட்டு வந்தேன். நார்த்தூளை விரல் கனத்துக்குப் பரப்பச் சொன்னார், அதன் மேல் பேப்பர் விரிக்கச் சொன்னார், முழ உயரத் தகட்டை வட்டமாக நிறுத்தி நடுவில் பல்பைத் தொங்கவிடச் சொன்னார். மூலை இருந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும், அதனால் எப்போதும் வட்டம். ஒற்றைப் பூனை யார்மேல் ஏறி நசுக்கும் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எதுவும் பூனை விஷயத்தில் சரியாக இருந்ததில்லை. இவருக்காவது தெரிந்திருக்கலாம் என்று தோன்றியது.

பங்குனி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. அதில் பல்பு வேறு. மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அப்பா, அது பூனைப்பா" என்றாள்.

"உயிர்தான? கதகதப்பு வேணுமல்ல" என்றார் அவர். கையோடு வெல்லத் தண்ணீரும் கரைக்கச் சொன்னார். குஞ்சு இறங்கியதும் முதல் தண்ணீர் அதுதான், பயணக் களைப்பு தீருமாம். நான் கரைத்தேன். பால் கூடாது, வெல்லம் கூடுமா? யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. கரைத்து மூடி வைத்தேன்.

ராசிபுரத்துக்கு நான் பஸ்ஸில் போகக் கிளம்பியபோது, ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு குஞ்சுப் பெட்டியை அவரே துடைத்துக் கொடுத்தார். உள்ளே அட்டைத் தடுப்பு, நாலு அறை. தடுப்பை எடுத்துவிடட்டுமா என்றேன். "இருக்கட்டும், ஒதுங்கிக்க ஆகும்" என்றார். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த குட்டி, வரும் வழியெல்லாம் ஒரே அறையில் சுருண்டு கிடந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "கோழிக்குஞ்சுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அப்போது பெட்டி மியாவ் என்றது. அதன் பிறகு அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் இவர் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். மேல்சட்டை போட்டு அவரைப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று. பெட்டியை வட்டத்துக்குள் வைத்துத் திறந்தேன். குட்டி வெளியே வந்தது. பேப்பரை மோந்தது, பல்பைப் பார்த்தது, வெல்லத் தண்ணீரில் ஒரு காலை வைத்து உதறியது. பிறகு ஒரே தாவில் தகட்டைத் தாண்டி, எங்கள் இரண்டு பேர் கால்களுக்கும் நடுவில் புகுந்து, சமையலறை வழியாகப் பின்கதவைத் தாண்டி வெளியே ஓடிவிட்டது.

அவர் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "தாண்டுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தத் தகட்டை எந்தக் குஞ்சும் தாண்டியதில்லை.

கம்பம், தட்டு, கரண்டி, மணல் எல்லாம் வைத்த இடத்தில் இருக்க, பூனையை மட்டும் காணவில்லை. நான் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் ஓடினேன். பூனையை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, விரட்டத்தான் தெரியும். பக்கத்து வீட்டு விறகுக் குவியல், மாட்டுக் கொட்டகை, சாக்கடை எல்லாம் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூனைக்காக அல்ல. சட்டை போட்டு நின்ற அந்த மனுஷனிடம் போய் என்ன சொல்வேன் என்று வந்த அழுகை. 'அப்ப அது போச்சுன்னா' என்று கேட்டாரே, அது வந்து இறங்கிய முதல் நிமிஷத்திலேயே நடந்துவிட்டது.

வெறும் கையோடு திரும்பினேன். வீட்டில் அவரும் இல்லை. பின்பக்கம் போனேன். ஷெட் கதவு திறந்து கிடந்தது, முறுக்கிய கம்பி தரையில் கிடந்தது. உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இதுதான் தண்ணி லைனு. அந்தக் கோடிவரைக்கும் போகும். இங்க தீவனம் தொங்கும். நூத்துக்கு ரெண்டு செத்தா நான் ஒண்ணும் வெசனப்பட மாட்டேன் சாமி, அதுக்குத்தான் எக்ஸ்ட்ரா. நீ ஒண்ணுதான் இருக்கற. பாத்து இருந்துக்கோணும்."

ஷெட்டின் கம்பி வலை வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் கவிழ்த்துப் போட்ட தீவன டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். குட்டி எதிரில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. எப்படிக் கூப்பிட்டாரோ, எப்படி வந்ததோ, தெரியாது.

"நாலு மணியானா முழிப்பு வந்துருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியல. அதனால கண்ண மூடிட்டுப் படுத்தே கெடக்கறேன். நான் தூங்கறேன்னு அவ நெனச்சுக்கறா. சந்தோசமா மெல்ல நடந்து போறா, சத்தம் வராம. அவகிட்ட என்னத்தச் சொல்றது? பயந்துக்குவா."

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. என்னிடம் சொல்லாததைப் பூனையிடம் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. எதிரில் ஒரு உயிரை வைத்துக்கொண்டு வாய் திறந்துவிட்டாரே என்று நிம்மதியும் வந்தது. நான் ஒவ்வொரு விடியலிலும் அவருடைய தூக்கம் கலையக் கூடாதென்று கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு நடந்திருக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். சிரிப்பதா, போய் இரண்டு வார்த்தை கேட்பதா என்று தெரியாமல் உள்ளே போய், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதீங்க" என்றேன். "அதுகிட்டத்தான சொல்லீட்டு இருக்கறீங்க, சொல்லுங்க. நான் இல்லைன்னு வெச்சுக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பிறகு பூனையிடமே கேட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்கு எந்திரிச்சா, டீ வெச்சுத் தருவாளான்னு கேளு சாமி."

நானும் பூனையைத்தான் பார்த்தேன்.

"வெச்சுத் தரேன்னு சொல்லு" என்றேன்.