கண்ணாடி தெளியும்வரை கார் நகராது

ஈர ஸ்வெட்டர், கொஞ்சம் புளித்த பால், பழைய சீட் துணி... எங்கள் முதல் ஆக்லாந்து குளிர்காலம் என்றால் காருக்குள் அடித்த அந்த வாசனைதான் எனக்கு.

அப்போது லின்ஃபீல்டில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு ஏழு மாதம். கார், ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட். ஸ்டார்ட் செய்தால் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். மேனுவலும் அதே மொழி. பட்டனில் இருக்கும் படத்தைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மழை வந்தால் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக மூடிவிடும். முன்கண்ணாடி படம் போட்ட பட்டனை அழுத்துவேன். கூடவே ஏசி விளக்கும் தானாக எரியும். உடனே என் கணவர் அதை அணைப்பார்.

"ஜூலைக் குளிர்ல எவனாவது ஏசி போடுவானா? பாப்பாவுக்குச் சளி பிடிக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. சென்னையில் ஏசி என்றால் குளிர்ச்சி... வேறென்ன?

ஆனால் நான் எதையும் நம்பாத பயந்தாங்கொள்ளி. ஒரு மழைக் காலையில் வீட்டு வாசலிலேயே ஹீட்டரை மட்டும் போட்டுப் பார்த்தேன். வெள்ளை அசையவே இல்லை. ஹீட்டரோடு ஏசியையும் போட்டேன். இரண்டே நிமிடம்... எதிர்வீட்டு வேலி பளிச்சென்று தெரிந்தது. சூடும் குறையவில்லை. ஏசி ஈரத்தை மட்டும் இழுத்துவிட்டது. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்!

அவரிடம் சொன்னேன். "பெரிய சயின்டிஸ்ட்டு" என்று சிரித்தார்.

அந்த வாரமே ஒடாஹுஹுவில் ஒரு வளைகாப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, பின்சீட்டில் மகளோடு. நான் ஓட்டினேன்.

பாதி வழியில் தூறல் கொட்டும் மழையானது. நாலு பேர் மூச்சும் ஈரச் செருப்பும் சேர்ந்து, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு வெறும் கறையாகிவிட்டது. நான் ஏசியைப் போட, அவர் அணைக்க, மறுபடி நான் போட... "அடியே, பச்சப்புள்ள இருக்கா!" என்றார் அண்ணி. என் கணவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். கோடு கோடாக ஆனதுதான் மிச்சம். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன்.

இண்டிகேட்டர் போட்டு ஒரு தெருமுனைக் கடை வாசலில் ஓரங்கட்டினேன்.

"என்னாச்சு?"

"ரோடு தெரியல. தெளியட்டும், போலாம்."

"நல்ல நேரம் முடியப் போகுது காவ்யா. எறங்கு, நான் ஓட்டறேன்."

"உங்களுக்கு மட்டும் தெரியுதா? நான் எறங்க மாட்டேன். ஏசியில கை வெக்காதீங்க."

"தம்பி, என்னடா இவ இப்படிப் பேசறா?"

"சளி பிடிச்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் அண்ணி. எங்கயாவது இடிச்சா யார்கிட்ட கூட்டிட்டுப் போறது?"

குரல் நடுங்கியது. கல்யாணமாகி அதுவரை அவர்கள் இருவரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை.

கண்ணாடியின் அடியில் சின்னதாக ஓர் அரைவட்டம் தெளிந்தது... மெல்ல மேலே ஏறியது.

பத்தடி தள்ளி ஒரு ஜீப்ரா கிராஸிங். குடை பிடித்த ஒரு பெண், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நிதானமாகக் கடந்துகொண்டிருந்தாள். அங்கே கிராஸிங் இருப்பதே எங்கள் மூவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது மகள் மவுண்ட் ஆல்பர்டில் ஸ்கூலுக்குப் போகிறாள். மழை நாளில் முன்னால் போகும் காருக்கும் எனக்கும் நடுவில் நாலு நொடி எண்ணி இடைவெளி விடுகிறேன். "மம்மி, எவ்ரிஒன் இஸ் பாஸிங் அஸ்" என்று அலுத்துக்கொள்கிறாள்.

"போகட்டும்டி."

"மாட்டேன்" என்று சொல்ல இப்போதெல்லாம் குரல் நடுங்குவதில்லை. ஆனாலும் நடுங்கிக்கொண்டே சொன்ன அந்தக் காவ்யாவை நினைத்தால்... ஒருமுறை கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எந்த விசேஷத்துக்குப் போனாலும், "காவ்யா வந்து சேர்றதுக்குள்ள வளையலே போட்டு முடிச்சாச்சு" என்று இன்றுவரை ஒரு சிரிப்பு.

சிரிக்கட்டும். சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்... நாலு பேரும்.