இரண்டாம் முறை சொல்லாதது

நூற்று அறுபது வீடுகள் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் அவருடைய பெயர் தேவைப்பட்டதில்லை. நோட்டு சார் என்றால் போதும். பராமரிப்பு அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்த, மாடிப்படிக்கு அடியில் நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வருகிறவர்களுக்கு எதிரே இன்னொரு நாற்காலி. அதில் சாய முடியாது. சாய்ந்தால் மோட்டார் சுவிட்சுப் பெட்டியின் மூலை முதுகில் குத்தும். இடப் பற்றாக்குறை என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் யோசித்து யோசித்து அவரே போட்ட இடம் அது. குறை சொல்ல வருகிறவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் குறையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

பத்தொன்பது வருடங்களாக மனிதர்களின் எரிச்சல்கள் படியிறங்கி அவரிடம் வந்துகொண்டிருந்தன. மேல்வீட்டில் நாற்காலியைத் தூக்காமல் தரதரவென்று இழுக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் செருப்பை எங்கள் மிதியடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அவர் வீட்டுக்குள் போகிறார். லிஃப்ட் கதவு மூடும்போது ஒருவர் மட்டும் எப்போதும் கையை நீட்டித் திறக்கிறார், பிறகு ஏறுவதில்லை. குழாயை மூடிய பிறகு ஏழு சொட்டு விழுகிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன் சார், ஏழு. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். பென்சிலில்.

பென்சிலில்தான் சூட்சுமம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாளொன்றுக்கு முப்பது புகார் வரும். சரி செய்ய இருந்தவர்களோ ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீஷியன். மூச்சு முட்டிப்போன அந்த முதல் வருடத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பத்துப் பேர் புகார் சொன்னால் ஏழு பேர் அதைத் திரும்ப வந்து சொல்வதில்லை. ஆக, முதல் முறை சொன்னால் பென்சிலில் எழுதுவது. மூன்று நாள் பொறுப்பது. அதே ஆள் அதையே மறுபடி வந்து சொன்னால் ஆளை அனுப்புவது. வரவில்லையென்றால், நீலப் பேனாவால் மேலே 'சரி' என்று எழுதி முடித்துவிடுவது.

குடியிருப்போர் சங்கத்துக்கு இந்த மாதிரி ஒரு மனிதர் கிடைத்ததில் தாங்க முடியாத சந்தோஷம். ஒவ்வொரு மாதமும் நோட்டு நீலமாக இருந்தது.

"நான் போறதுக்குள்ளயே எல்லாம் சரியாயிடுது சார்," என்று பிளம்பர் சிரிப்பான். "இந்தக் கட்டடத்துலயே பெரிய பிளம்பர் உங்க பேனாதான்."

அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். பென்சில் சூட்சுமத்தையும் சேர்த்து வீட்டில் மனைவியிடம் சொல்லிக்கொண்டார்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் அவருடைய வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு குளியலறை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு அவரும் மனைவியும் மட்டும். மனைவி பகலில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் நிறையச் சொன்னவள்தான். பாட்டிலில் ஒரு வாய் தண்ணியை மட்டும் மிச்சம் வெச்சுட்டு ஏன் திரும்ப உள்ள வெக்கறீங்க? ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க. நகத்தைப் படுக்கையில உட்கார்ந்து வெட்டாதீங்க. ஃபோனை ஏன் ஊருக்கே கேக்கற மாதிரி வெச்சுப் பேசறீங்க? நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள 'ம்' போடாதீங்க.

இதற்கெல்லாம் அவர் 'ம்' என்றார்.

பிறகு அவள் குறைத்துக்கொண்டாள். பிறகு நின்றே போயிற்று. நான்கு வருடங்களாக வீட்டில் சத்தமில்லை. "எங்க வீட்டுல இப்ப ஒரு புகார் கிடையாது, தெரியுமா," என்று ஒருநாள் பிளம்பரிடமே பெருமையடித்துக்கொண்டார். பிளம்பர் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. அவனும் கல்யாணமானவன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் அவள் சொன்னாள்: "வர்ற சனிக்கிழமை நான் கிளம்பறேன்."

"ம்," என்றார். அரை நிமிடம் கழித்துத்தான் காதில் ஏறியது. "எங்க?"

"பெண்கள் விடுதி ஒண்ணுல வார்டன் வேலை. பஸ்ல மூணு மணி நேரம். தங்க ரூம் குடுக்கறாங்க."

"லீவுக்கு வருவியா?"

"அங்கதாங்க இருக்கப் போறேன்."

டிவியில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து அதை அணைத்தார்.

"ஏன், இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

மகளுக்கு ஃபோன் போட்டார். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"அம்மா சொல்லட்டும்னு விட்டுட்டேன்ப்பா."

"திடீர்னு என்ன ஆச்சு அவளுக்கு? நாலு வருஷமா ஒரு குறை சொன்னதில்லயே அவ."

"அதாம்ப்பா," என்றாள் மகள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. வைக்கட்டுமா?"

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புது நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தேதி எழுதினார்.

"சொல்லு. மனசுல என்னென்ன இருக்கோ ஒவ்வொண்ணா சொல்லு. எழுதிக்கறேன்."

அவள் நோட்டைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"பென்சில்லயா, பேனாலயா?"

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பேனாலதான்."

"எழுதறதுக்கு ஒண்ணும் இல்லங்க," என்றாள். அவருடைய சட்டையை மடித்துத் தட்டி, அவருடைய துணி அடுக்கின்மேல் வைத்தாள். சனிக்கிழமை போகப்போகிறவள் இவ்வளவு நேர்த்தியாக மடிக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னார். பத்தொன்பது வருடத்தில் உடம்புக்கு முடியாமல் எடுத்த லீவுகள் உண்டு. இப்படி ஒன்று கிடையாது. அவள் கிளினிக் போனதும் வீட்டைச் சுற்றி வந்தார். அவள் வாயால் சொல்லாவிட்டால் போகட்டும், பழுதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியாதா என்ற எண்ணம். மறந்துபோன புகார்களை ஒவ்வொன்றாகத் தேடினார்.

எல்லாம் சரி செய்யப்பட்டிருந்தன.

குளியலறைக் கதவில் உட்பக்கம் ஓர் ஆணி. அதில் மாட்ட ஒரு கயிற்று வளையம். கை பட்டுப் பட்டுக் கயிறு கறுத்து வழவழத்திருந்தது. சமையலறையில் எட்டாத அலமாரிக்குக் கீழே ஒரு முக்காலி. நிற்கிற இடத்தில் இரண்டு பாதங்களும் பட்டு மரம் தேய்ந்திருந்தது. ஃபிரிட்ஜில் அவருடைய பாட்டில்களுக்குப் பின்னால், கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய ஒரு பாட்டில், முழுசாக நிரம்பி. இரண்டாவது அறையில் அவள் படுக்கிற இடத்தில், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. திறந்தார். காதில் வைக்கிற பஞ்சு, உருட்டி உருட்டி அடுக்கியிருந்தது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் இந்த அறைக்கு மாறினாள் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது நிமிர்ந்து பார்த்தார். இந்த அறையிலும் அதே ஃபேன்தான்.

கடைசியாகத் தன் கட்டில் பக்கம் போய்க் குனிந்தார். நகம் வெட்ட அவர் உட்கார்கிற விளிம்புக்கு நேர் கீழே தரையில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. தேதியைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால் வாராவாரம் எடுத்து உதறிவிட்டுப் புதிது விரிக்கிறாள். அவர் மேலே உட்கார்ந்து வெட்டுவார். கீழே அவள் விரித்து வைத்திருப்பாள். எத்தனை வருடமாக என்று யோசிக்கப் பயந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டில் அவரைத் தொந்தரவு செய்யாமல், அவரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு தனிப் பாதையே இருந்தது. அவள் அதில்தான் இத்தனை நாளும் நடந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளம்பர் தாழ்ப்பாளைக் கழற்றினான், மரத்தைக் கொஞ்சம் இழைத்தான், ஓட்டையை அரை விரல் தள்ளிப் போட்டு மாட்டினான்.

"அஞ்சு நிமிஷ வேலை சார். எத்தன நாளா இப்படி இருக்கு?"

அவர் ஸ்குரூவை எடுத்துக் கொடுத்தார்.

"அக்கா, போட்டுப் பாருங்க," என்று பிளம்பர் கூப்பிட்டான். கிளினிக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் வந்து தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள். "நல்லா இருக்குப்பா. டீ குடிச்சுட்டுப் போ." பிளம்பரைப் பார்த்துத்தான் சொன்னாள். உள்ளபடியே நன்றியோடுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் குளியலறைக்குள் போவதைப் பார்த்தார். கதவைச் சாத்துமுன் கை பழக்கத்தில் கயிற்றைத் தேடியது. பிளம்பர் ஆணியையும் கயிற்றையும் பிடுங்கி எடுத்துப் போயிருந்தான். வெறும் கதவில் கை ஒரு கணம் தடவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவருக்கு எதற்கென்று தெரியாமல் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்குப் புத்தி பேதலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். சரி செய்து ஆகவில்லை. கெடுத்தாவது பார்ப்போம் என்று இறங்கினார். குளித்துவிட்டு வந்து சொட்டச் சொட்ட இருந்த துண்டை, அவள் மடித்து வைத்திருந்த புடவைகளின் பக்கத்தில் போட்டார். அவள் இரண்டு விரலால் எடுத்து வெளியே கொடியில் போட்டாள். சிவப்பு நூல் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடித்து, ஒரு வாய் மிச்சம் வைத்து உள்ளே வைத்தார். அவள் அதை நிரப்பினாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, மோட்டார் மெக்கானிக்கோடு இருபது நிமிடம் தேவையே இல்லாமல் பேசினார். அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள், கதவைக்கூடச் சாத்தவில்லை. அந்தக் கதவு சத்தம் போடும், அது அவருக்குப் பிடிக்காது.

அதுதான் தாங்கவில்லை. பின்னாலேயே போனார்.

"திட்டேன்! ஒரு வார்த்தை திட்டித் தொலையேன்! கல்லு மாதிரி இருக்கியே!"

அவள் பெட்டிக்குள் சோப்பு டப்பாவைச் செருகிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்:

"மொத தடவ கோபத்துல சொல்லிடலாங்க. ரெண்டாவது தடவ அதையே வந்து கேக்கறதுக்கு வெக்கமா இருக்கும். என் வீட்டுல நானே க்யூவுல நிக்கற மாதிரி."

"இப்ப சொல்லு. இப்ப உடனே செய்யறேன்."

"தெரியும். நேத்து பாத்தேனே. அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு." அப்போதுதான் அவள் குரல் லேசாக உடைந்தது. சரி செய்துகொண்டாள். "திட்டறதுன்னா நாளைக்கும் இங்க இருக்கணும்ங்க. இருக்கப் போறவங்கதான் திட்டுவாங்க."

அவர் வாயைத் திறந்தார். முதன்முதலாக அவர் 'ம்' சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாடகை வண்டி வந்து வாசலில் நின்றது. பெரிய பெட்டியை அவரே தூக்கினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசற்படி தாண்டும்போது பெட்டி நிலையில் இடித்து ஒரு துண்டு பெயின்ட் பெயர்ந்து விழுந்தது. வேண்டுமென்று இடிக்கவில்லை, இடித்த பிறகு ஓர் ஆசை வந்துவிட்டது. பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். பெயர்ந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு, வழியில் யாரோ ஒருவருக்கு ஒதுங்கி நிற்பது போலக் கொஞ்சம் நகர்ந்து நின்று, அவர் போக இடம் விட்டாள்.

டிரைவர் வந்து பெட்டியை வாங்கி வண்டியின் பின்னால் குப்புறத் தள்ளினான்.

"தம்பி, தம்பி! அப்படியா வைப்பாங்க? பிடி உடைஞ்சிருக்கு பாரு. நிமித்தி வை."

"ஒண்ணும் ஆகாதும்மா."

"ஒண்ணும் ஆகாதா? உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு. எடு. எடுன்னு சொல்றேன்ல? எடுத்து நிமித்தி வை."

"காலங்காத்தால வந்து மாட்டினேன் பாரு," என்று முனகிக்கொண்டே அவன் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"வாய்க்குள்ள முனகாத. சத்தமா சொல்லு, நானும் கேக்கறேன்."

கையில் இனித் தூக்குவதற்கு எதுவும் இல்லாமல் அவர் வாசலில் நின்றார். அவள் ஏறி உட்கார்ந்து அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். டோக்கன் வாங்கியவரைக் காத்திருக்கச் சொல்லும்போதும் அவள் அப்படித்தான் தலையசைப்பாள். வண்டி கிளம்பியது. ஜன்னல் கண்ணாடியை ஏன் இத்தனை அழுக்காக வைத்திருக்கிறாய், ரேடியோவைக் குறை, பள்ளத்தில் பார்த்துப் போ என்று அவள் அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டே போனாள். தெருமுனை திரும்புகிற வரை அவருக்குக் கேட்டது.