ஐந்தாவது குதிரை லாயம்

காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு என் மகளைக் காணவில்லை என்று தெரிந்தது. எட்டு நாற்பதுக்குக் கிடைத்துவிட்டாள். நடுவில் முப்பத்தைந்து நிமிடம்தான். அன்று இரவு அவள் பக்கத்து அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு படித்தாள். குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வருவதற்கு முன்னால் ஊட்டிக்குப் போகிறவர்கள் போத்தனூரில் இறங்கிக் குதிரை வண்டியில் போவார்களாம். நாலைந்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றுவார்களாம். அந்த இடங்களில் ஒரு லாயம், ஒரு தண்ணீர்த் தொட்டி, பயணிகள் இளைப்பாற ஒரு சத்திரம் இருந்ததாம். இதையெல்லாம் எங்கோ படித்துவிட்டு வந்து, தாளில் ஏழு இடங்களைக் குறித்து, சைக்கிளில் போய்ப் பார்க்கிறேன் என்றாள். தனியாக.

"ஊட்டிப் போற லாரியெல்லாம் அந்த ரோட்லதான் போகுது. தனியா உடமாட்டேன்" என்றேன்.

"அப்ப நீயும் வா" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் பதினெட்டு வருஷமாக சைக்கிளில்தான் போய் வந்துகொண்டிருந்தேன். அதனால் மறுக்க வழியில்லை. அவளுடைய அப்பா, "போயிட்டு வாங்க, சாயங்காலம் மேட்டுப்பாளையத்துல இருந்து ரயில்ல ஏறிக்கலாம்" என்று எளிதாகச் சொல்லிவிட்டார். அவர் எதற்கும் பதறாதவர். பதறுகிற வேலை எங்கள் வீட்டில் என்னுடையது.

இருட்டோடு போத்தனூரில் கிளம்பினோம். முதல் இடத்தில் இப்போது மரக்கடை. இரண்டாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. துடியலூரில், மூன்றாவது இடத்தில், ஒரு பழைய கிணறும் அதன் பக்கத்தில் கல்தொட்டியும் இருந்தன. தொட்டியில் யாரோ மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மகள் அதை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டாள். குளிர்ந்த காற்று, வலப்பக்கம் தென்னந்தோப்பு, எதிரே நீலமாக மலை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்திருந்தது. பயப்பட மறந்துபோயிருந்தேன்.

நான்காவது இடம் தாண்டி மூன்று மைல் போனதும் என் பின்சக்கரம் பஞ்சர். நல்லவேளையாக அங்கேயே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் அப்போதுதான் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"காரமடைக்கு இந்தப் பக்கம்தாம்மா அஞ்சாவது. ரெண்டு மைலுகூட இருக்காது. நான் போயி அளந்துட்டு இருக்கறேன்" என்றாள் மகள்.

"தொட்டிகிட்டயே நில்லு. எங்கயும் நகராத."

"செரீம்மா."

இருபது நிமிடம் கழித்து நான் போனபோது தொட்டி இருந்தது. சாலையோரம், புளியமரத்தடியில், கல்லால் செய்த நீளத் தொட்டி. அதன் பின்னால் கூரையில்லாத ஒரு கட்டடம். மகள் இல்லை. சைக்கிளும் இல்லை. மணி எட்டு ஐந்து.

கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஊணாங்கொடியும் ஆட்டுப் புழுக்கையும்தான். சாலைக்கு வந்தால் ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி. பக்கத்திலேயே ரயில் பாதை. காலைப் பாசஞ்சர் போன சத்தத்தைப் பஞ்சர் கடையில் இருக்கும்போதே கேட்டிருந்தேன். அப்போது அது வெறும் சத்தம். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. பாதையோரமாக ஓடிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தேன். எதைத் தேடிப் பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வாழை கட்டி, நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவரிடம், மஞ்சள் சுடிதார் போட்ட பெண் சைக்கிளில் வந்தாளா என்று கேட்டேன். "நான் இப்பத்தானுங்க வந்து நிக்கறேன்" என்றார். உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அழைப்பில்லாத வீட்டுக்கு அவள் எதற்காகப் போகப்போகிறாள்? உறவுக்காரர் கல்யாணத்திலேயே மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவள்.

நூறடி தள்ளி ஒரு எஸ்.டி.டி. பூத். வீட்டுக்குப் போட்டேன். "புள்ளையைக் காணோம்" என்று மட்டும் சொன்னதாக நினைவு. இடத்தைச் சொன்னேன். அவளுடைய அப்பாதான் எடுத்திருந்தார். போனை வைக்கும் சத்தம் கேட்டது.

பூத்துக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மொதல்ல. தண்ணி குடிங்க."

"நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

"குடிங்க. சொல்றேன்."

என் உயிர் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் வந்தவரை நிற்கவைத்து எதுவும் பேச மாட்டார்கள். பால்காரர் வந்தாலும் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு. நானே அப்படித்தான். அது தெரிந்திருந்தும், இவர் ஏதோ கெட்ட சேதியைத்தான் பிடித்துவைத்திருக்கிறார் என்று நினைத்து அந்தச் செம்புத் தண்ணீரை மேலெல்லாம் ஊற்றிக்கொண்டேன்.

"கல்யாண ஊட்ல பாத்தீங்களா?" என்றார்.

"அழைப்பு இல்லாம அங்கெதுக்குங்க போறா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! வாசல்ல ஆள் நின்னா எங்கூர்ல உட்ருவாங்களா? நானே காலையில டீ குடிக்கப் போயி பந்தியில உக்கார வெச்சுப்போட்டாங்க."

உள்ளே போனேன். ஒரு பெண் பன்னீர் தெளித்தாள். இன்னொருத்தி, "வாங்க வாங்க, காப்பி குடிங்க" என்று கையைப் பிடித்தாள். யாரிடமும் கேள்வியை முடிக்க முடியவில்லை. மணமேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண், தலையில் வைத்த மூங்கில் பேழையை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். இணைச்சீர். கூடப் பிறந்தவளுக்கு மாப்பிள்ளை செய்யும் மரியாதை. அது முடியாமல் எங்கள் பக்கத்தில் தாலி கட்ட மாட்டார்கள். நான் அந்தப் பெண்ணைத் தாண்டிக் கூட்டத்தில் மஞ்சள் சுடிதாரைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ உறுத்தித் திரும்பவும் மேடையைப் பார்த்தேன். பேழையைப் பிடித்திருந்த கையில் கறுப்பு வார் போட்ட ஆண்பிள்ளைக் கடிகாரம். அவள் அப்பாவுடையது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்தார். "ஏனுங்க, உங்க புள்ளைங்களா? கோவிச்சுக்காதீங்க! எம் மக வந்த பஸ்ஸு வழியில நின்னுபோச்சாம். சீரு நடத்தி வெக்கற அருமைக்காரரு நேரமாச்சுன்னு தொண்டையக் கிழிக்கறாரு. பங்காளி வகையிலயும் வயசுப்புள்ள ஒண்ணும் வந்து சேரல. அப்ப இந்தக் கண்ணு, குதிரைத் தொட்டி எங்கீங்கன்னு கேட்டுட்டு வந்துச்சு. நீங்க என்ன கூட்டம் சாமின்னு கேட்டேன். பாத்தா நம்ம கூட்டமே! அப்புறம் உடுவனா?"

கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலம்; ஒரே கூட்டமென்றால் அண்ணன் தங்கை முறை. அதற்கு மேல் அவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் தேவைப்படவில்லை.

சீர் முடிந்து மேடையிலிருந்து இறங்கிவந்தவள், "அம்மா, அழுதயா?" என்றாள்.

"தொட்டிகிட்ட நிக்கச் சொன்னனே!"

"சொல்லியனுப்பினேம்மா! ஒரு அண்ணன் ரோட்ல நின்னு உன்னைக் கூட்டிட்டு வாரேன்னாரு."

அந்த அண்ணன் வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் நின்றிருந்தார். பரிமாற ஆளில்லை என்று கூப்பிட்டுக்கொண்டார்களாம். சைக்கிளைக் குழந்தைகள் எடுத்து ஓட்டுகிறார்கள் என்று பாத்திர அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். "என்னயப் பாத்து மொறைக்காதீங்க அக்கா, சாம்பாருக்கு ஆள் கெடைக்கல" என்றார் அவர். சிரிப்பு வந்தது, ஆனால் அழுகையாகத்தான் வெளியே வந்தது.

"இந்த மண்டபந்தாம்மா சத்திரம். எதுத்தாப்ல இருக்கறது லாயம்" என்று மகள் என் காதில் சொன்னாள். பட்டுச்சேலையோடு என்னை இழுத்துப்போய், சமையல்கட்டுக்குப் பின்னால் வெள்ளையடித்த பழைய கல்தூண்களைக் காட்டினாள். நான் தூணைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தேன். அவள் இரண்டு முறை விடுவித்துக்கொண்டாள். நான் மறுபடி பிடித்துக்கொண்டேன்.

மறுபடி பூத்துக்கு ஓடி வீட்டுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கிளம்பிவிட்டிருந்தார். ஊட்டி லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வருகிற மனிதரை நிறுத்த வழியில்லை. இனி அவருக்காகப் பயப்பட வேண்டும். வாசலிலேயே நின்றேன். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்டது. உள்ளே போகவில்லை. மகள் என் பக்கத்தில் நின்று, யாரோ கொடுத்த லட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்கு வந்தார். சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். காலில் செருப்பில்லை. எதற்கும் பதறாதவர். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட முடியாமல் புளியமரத்தில் சாய்த்தார். பட்டுச்சேலையில் நின்ற மகளை மேலும் கீழும் பார்த்தார். அவள் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளிடம் சொன்னார்:

"அம்மணி, மொதல்ல உங்கம்மாளக் கூட்டிட்டுப் போயி சாப்பிட வெய்யி."