கனவிலும் உங்க இஷ்டமுங்க

மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சென்னிமலையிலிருந்து வந்திருந்தார்கள். போர்வை வியாபாரம் செய்யும் குடும்பம். எல்லாம் பேசி முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்கெல்லாம் போவ வேண்டியதில்லீங்க" என்றார். நான், "உங்க இஷ்டமுங்க" என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

மகள் கோயமுத்தூர் துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். இரண்டு வருஷம் அதற்காகப் படித்தவள். வயசானவர்களுக்கு நரம்பு கிடைக்காவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் போன பிறகு அவள் பலகாரத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க எப்பவும் போல பேசாம இருந்திருந்தாலே போதுங்கப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மனைவியைப் பேசச் சொல்லிப் பார்த்தேன். கொடுத்த வார்த்தை உங்களுடையது, நீங்கள்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சம்பந்திக்கு மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டாவது முறை மழை நின்றதைப் பற்றி. மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் நைட் ஷிப்ட். உள்ளே இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த வேலையில் இருபத்தாறு வருஷம் நான் நிலைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் வரை தூங்குவேன். என் கனவெல்லாம் பகல் வெளிச்சத்தில் வருவது. தெருவில் தக்காளி விற்கிறவர் மைக்கில் கத்தினால் அவரும் கனவுக்குள் வந்துவிடுவார்.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. கனவு காணும்போதே இது கனவு என்று கண்டுகொள்ளலாம், பிறகு கனவை நம் விருப்பப்படி நடத்தலாம் என்று ஒரு தம்பி சொன்னார். நேரில் செய்யப் பயமாக இருப்பதைக் கனவில் பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை பார்த்தேன்.

வழி இதுதான். விழித்திருக்கும்போது அடிக்கடி கைவிரல்களை எண்ண வேண்டும். அது பழக்கமானால் கனவிலும் எண்ணுவோம். கனவில் விரல் ஏழு இருக்கும், எட்டு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்ப்பது. கனவென்றால் மூச்சு வரும்.

மில்லில் ஒருவன் நின்று விரலை எண்ணினால் அதற்கு வேறு அர்த்தம். இரண்டாம் நாளே சூப்பர்வைசர் ஓடி வந்தார். என் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தார். எல்லாம் இருக்கிறதென்று தெரிந்த பிறகும் முதலுதவி அறைக்கு அனுப்பி உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்து நிம்மதியாக எண்ணினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பகலில் அது நடந்தது. நான் அவிநாசியில் பஸ் ஏறியிருந்தேன். கையைப் பார்த்தேன், ஏழு விரல். இது கனவு என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் உடனே விழித்துவிடுவோம், அமைதியாக இருக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அமைதி எனக்குப் பழக்கம்தான். பஸ்ஸில் இடமில்லை. கனவுக்கு நாம்தான் ராஜா, கட்டளை போட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் இருந்தவரிடம், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்கார முடியுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் எறங்கறப்ப சொல்றனுங்க" என்றார்.

துடியலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். என் சொந்தக் கனவில்.

அடுத்த வாரம் பறக்க முயன்றேன். பறந்தேன். ஆனால் லுங்கி கட்டியிருந்தேன், கீழே ஆட்கள் நின்றார்கள். காம்பவுண்டு சுவர் உயரத்துக்கு மேலே போவது மரியாதையாகப் படவில்லை. கொஞ்ச தூரம் போய் இறங்கிக்கொண்டேன்.

பிறகு சம்பந்தியைக் கனவுக்குக் கூப்பிட்டேன். படுக்கும்போது அவர் முகத்தை நினைத்துக்கொண்டு தூங்கினால் வருவார் என்றார்கள், வந்தார். நான் அவர் வீட்டில் இருந்தேன். சுற்றிலும் கூரை உயரத்துக்குப் போர்வைக் கட்டுகள். என் கையில் எட்டு விரல். தைரியமாக வாயைத் திறந்தேன். "மொதல்ல காப்பி குடிங்க" என்றார். குடித்தேன். டம்ளர் காலியானதும் விழிப்பு வந்துவிட்டது. இப்படி ஐந்து கனவுகளில் ஐந்து காப்பி குடித்தேன். ஒரு தடவை சர்க்கரை இல்லை. அதையும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை காப்பியைக் கீழே வைத்துவிட்டு, மகள் வேலைக்குப் போகட்டும் என்றேன். எங்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை என்றார். அடுத்த தடவை அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவர் வேறொரு காரணம் வைத்திருந்தார். நான் விழித்திருக்கும்போது எவ்வளவு யோசித்தாலும் அவர் அதைவிட ஒன்று கூடுதலாக யோசித்திருந்தார். அவர் பேசுவதெல்லாம் என் தலையிலிருந்துதான் வருகிறது என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. நிஜத்தில் அந்த மனிதர் என்னிடம் மொத்தமாகப் பத்து வாக்கியம்கூடப் பேசியதில்லை.

இதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மகள் லேபில் வேலையை விடப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவள் இடத்துக்கு வருகிற பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினாள். சாப்பாடு போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். சம்பந்தி கல்யாணப் பத்திரிகை மாதிரியோடு வந்திருக்கிறார் என்றாள். நான் தூங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. முகம் கழுவிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கையைப் பார்த்தேன். ஐந்து விரல். இன்னொரு கையிலும் ஐந்து. மூக்கைப் பிடித்துப் பார்த்தேன், மூச்சு அடைத்தது.

"சளிங்களா?" என்று சம்பந்தி கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

நிஜம்தான், சந்தேகமில்லை. அவர் பத்திரிகையை நீட்டி, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்றார். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே அவர் படிப்பு. மகள் பெயருக்குக் கீழே அவள் படிப்பு. இரண்டும் ஒரே அளவு எழுத்தில் பெரிதாக இருந்தன. நான் மகளுடைய படிப்பின் மேல் விரலை வைத்தேன். எடுக்க வரவில்லை.

"தப்பா அடிச்சுப்போட்டானுங்களா?"

"இல்லீங்க. சரியாத்தான் இருக்குது." நிறுத்தினால் முடிந்துவிடும் என்று தெரிந்தது. "இது படிச்சதுங்க. வேலைக்குப் போவோணும்னு பொண்ணு ஆசப்படுதுங்க. அன்னைக்கு உங்க இஷ்டமுன்னு சொல்லிப்போட்டேன். அது என்ற இஷ்டமில்லீங்க."

கனவில் சொன்னதைவிட மோசமாகத்தான் சொன்னேன். அவர் பத்திரிகையை வாங்கி மடித்தார், மறுபடி பிரித்தார். அவர் சொல்லக்கூடிய எல்லாக் காரணத்துக்கும் என்னிடம் பதில் இருந்தது.

"எனக்கு அதுல ஒண்ணுமில்லீங்க சம்பந்தி" என்றார். "எங்கூட்டுல சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

இரண்டு பேரும் பத்திரிகையில் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, இனி வீட்டில் போய் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்றார். என் முகம் இந்த இரண்டு மாதமாக எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் முகத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

மகள் சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, "மாமா, அத்தைக்குப் போன் போட்டுக் குடுங்க. நான் பேசிக்கறேன்" என்றாள்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன்பே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் உள்ளே போய் இருபது நிமிஷம் பேசினாள். ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் வந்து, கோயமுத்தூர் போய்வர முடியாது, பெருந்துறைப் பக்கம் ஏதாவது லேப் என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் லீவு இருக்க வேண்டுமாம். அதை அவளே ஒத்துக்கொண்டும் விட்டாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. சம்பந்தி பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீங்கள் படுங்கள், நைட் ஷிப்ட் இருக்கிறதே என்று சொல்லிப் புறப்பட்டார்.

கல்யாணம் ஆகி இரண்டாவது மாதம் அவள் பெருந்துறையில் சேர்ந்தாள். சீக்கிரம் போக வேண்டிய வேலை. சம்பந்திதான் தினமும் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் விடுகிறார். வழியில் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாராம். பஸ் வரும்வரை வண்டியை ஆப் செய்துவிட்டு நின்றுகொண்டிருப்பாராம்.

"உங்ககூட போற மாதிரியே இருக்குதுங்கப்பா" என்றாள்.

நல்லதாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.