முகவரிக்கு ஒரு வால்

அக்கரப்பத்தனையில் இருந்து திரும்பும் வழியில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சூடாக ஒரு மாலுபாண், மீன் வைத்த பன், வாங்கிக் கடித்தேன். மறு கை தானாகப் போனை எடுத்து ஒரு பழைய இணைய முகவரியைத் தட்டியது. பக்கம் இல்லை என்று வந்தது. மீனும் மிளகும் மணந்தால் எனக்கு அந்த முகவரி ஞாபகம் வந்துவிடும். என் முதல் வேலை ஒரு பேக்கரியின் மேல்மாடியில்.

கணினி நிரல் எழுதும் சின்ன ஆபீஸ். என்னோடு சேர்ந்தவள் மலர். அவள் அம்மா அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்தில் நிறுக்கும் கொழுந்தின் விவரத்தை இணையத்தில் தரும் வேலை எங்களுக்கு வந்தது. கொழும்பு ஆபீசுக்கு அது எக்ஸ்.எம்.எல். வடிவில் வேண்டும், கணக்குப்பிள்ளையின் போனுக்கு ஜேசன் வடிவில் வேண்டும். நான் பெரிய ஆள் மாதிரி இரண்டு தனி நிரல்கள் எழுதக் கிளம்பிவிட்டேன்.

மலர் சிரித்தாள். "எதுக்குங்க ரெண்டு? கொழுந்து ஒன்னுதானே, சல்லடையத்தானே மாத்துறோம்."

முகவரி ஒன்றேதான். அதன் கடைசியில் வால் மாதிரி ஒரு புள்ளி வைத்து வடிவத்தின் பெயரை எழுதினால், சர்வர் அந்த வடிவில் தந்துவிடும். சில வரிகளில் முடித்துவிட்டாள். பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது.

யாரும் கேட்காத மூன்றாவது வாலையும் சேர்த்தாள்: டெக்ஸ்ட். வெறும் எழுத்து, நிறுத்த கிலோ, கழித்த கிலோ, அவ்வளவுதான்.

"இத யாரு பாக்கப்போறா?" என்றேன், மேதாவி நான்.

"பட்டன் போன் வச்சிருக்கவங்க."

மழை நாளில் ஈரத்துக்கென்று கிலோவைக் கழிப்பார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அது சம்பளத்தன்றுதான் தெரியவரும். அதற்குள் எந்த நாள் எவ்வளவு பறித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒரு மழை நாள் மாலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் நின்று மலரின் அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்தார். உடனே கணக்குப்பிள்ளையிடம் போனார். "ஐயா, ஈரத்துக்கு ரெண்டு தடவ கழிச்சிருக்கீங்க, பாருங்க." அவரும் பார்த்து, முழுப்பேராகத் திருத்தினார். மறுநாள் முதல் கோயில் மேட்டில் பெண்கள் கூட்டம். மலரை நினைத்து எனக்கு அன்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை, மலர் வெளிநாட்டில். தோட்டத்துக்குப் புதுச் செயலி வந்திருக்கிறது. பெரிய போன் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். எந்த வடிவில் தருவது என்பதை அதுவே சர்வரோடு உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்கிறது. முகவரிக்கு வால் கிடையாது.

"அந்தப் பக்கம் இப்ப தொறக்க மாட்டேங்குதே தம்பி," என்றார் மலரின் அம்மா, இன்று நான் பார்க்கப் போனபோது. போன மழையில் அவருக்கு மறுபடியும் அரைப்பேர்.

"போய்க் கேட்டீங்களாம்மா?"

பட்டன் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "எதக் காட்டிக் கேக்குறது?"