பெரிய எழுத்துக் காசியம்மாள்

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சிவசங்கரின் டீக்கடை. காலை ஆறரை மணிக்கு அங்கே பேப்பர் வந்து விழும். அதை முதலில் பிரிக்கிற உரிமை காசு கொடுத்து வாங்குகிற சிவசங்கருக்கே கிடையாது, காசியம்மாளுக்குத்தான். யார் எழுதிக் கொடுத்த உரிமை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஆசைப்பட்டு அவர் முந்திக்கொண்டார். அன்றைக்கு அவள் டீ குடிக்காமல் வேலைக்குப் போனாள், அவளோடு பத்துப் பெண்களும் குடிக்காமல் போனார்கள். அதற்கப்புறம் அவர் பேப்பரைத் தொடுவதில்லை.

காசியம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. ஆனால் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கழனிகளில் பாதியாவது அவள் கைபட்டு நட்டவை. பதினோரு பெண்கள் கொண்ட நடவுக் கும்பலுக்கு அவள்தான் தலைவி. யார் கழனிக்கு எந்த நாள் போவது, எத்தனை மணிக்குக் கரையேறுவது எல்லாம் அவள் சொல்வதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றாள். பிறகு பஸ் போர்டு, சுவர் விளம்பரம், உர மூட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தேறினாள். மகளை ரிஷிவந்தியத்தில் கட்டிக்கொடுத்ததற்குக்கூட, தான் முதன்முதலில் தட்டுத்தடுமாறாமல் படித்தது அந்த ஊர் பஸ் போர்டைத்தான் என்று ஒரு காரணம் சொல்வாள்.

எல்லோரும் செய்தி படிப்பார்கள். காசியம்மாள் செய்தியோடு மல்லுக்கு நிற்பாள். தலைப்பைச் சத்தமாகப் படிப்பாள், பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து முறைப்பாள், பிறகு பதில் சொல்வாள்.

"‘தங்கம் விலை புதிய உச்சம்.’ என் மூக்குத்தி தொலைஞ்சு ஆறு வருசம் ஆவுது. நல்லவேளை அப்பவே தொலைச்சேன். இன்னிக்குத் தொலைச்சிருந்தா எவ்ளோ நஷ்டம் பாரு!"

"‘நிலவில் வீடு கட்ட ஆய்வு தீவிரம்.’ கட்டட்டும். சித்தாளு தேடி இங்கதான வரணும். மத்தியானம் வூட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போறாப்புல இருந்தா நான் வரேன்னு சொல்லுங்க."

"‘நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது ஆபத்து. மருத்துவர்கள் எச்சரிக்கை.’ நாள் முச்சூடும் குனிஞ்சிக்கினே இருக்கறவளுக்கு இன்னா ஆவும்னு எப்ப சொல்வாங்களாம்?"

தலைப்போடு விடமாட்டாள். கீழே உள்ள விவரத்தையும் சொல்லுவாள். நடிகை ரகசியத் திருமணம் என்றால், மாப்பிள்ளைக்கு மூன்று அக்காக்கள், நடு அக்காவுக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் இஷ்டமில்லை, சீர்வரிசையில் கிரைண்டர் கம்மி ரகம் என்று ஒரு முணுமுணுப்பு, எல்லாம் வரும். கலியன் கடை பஜ்ஜியை விட்டுவிட்டு ஜனம் இங்கே டீ குடிக்க வருவதற்கு இதுதான் காரணம். சிவசங்கரின் டீயைக் குடித்தவர்கள் நான் சொல்வதை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த விவரம் எதுவும் பேப்பரில் இருந்ததில்லை. இரண்டு வருஷமாகக் காசியம்மாளுக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை. பேப்பரின் மேல் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பெரிய எழுத்தைப் படித்துவிட்டு மீதியைத் தன் கைச்சரக்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பார்வை மங்கியவளுக்கு நடவு வரிசை எப்படித் தெரியும், வேறு தலைவியைப் பார்ப்போம் என்று கும்பல் சொல்லிவிட்டால்? கும்பலும் காலை நேரத்துப் பேப்பரும் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள், முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் வந்தது: ‘கோமுகி அணை இன்று திறப்பு.’

கடையே எழுந்து நின்றது. புதுக் கால்வாய்ப் பக்கம் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ராஜதுரை கையில் டீயோடு ஓடி வந்தான். அடுத்தவன் போர்வெல் தண்ணீரைக் கேட்டு வாங்கி, நாற்றங்காலைக் குழந்தை மாதிரி வளர்த்து வைத்திருந்தவன் அவன்.

"யக்கா, எப்போ தெறக்கறாங்களாம்? நம்ம பக்கம் எப்போ வருமாம்?"

காசியம்மாள் பேப்பரைத் தள்ளிப் பிடித்தாள். எறும்புகள் ஊர்ந்தன. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நடந்தது அவளுக்கு மனப்பாடம். அதையே எடுத்துவிட்டாள்.

"காலையில பத்து மணிக்கு மதகு தெறக்கறாங்க. சாயந்திரத்துக்குள்ள எல்லா வாய்க்காலுக்கும் போயிடும். தம்பி, தண்ணி வந்துட்டா ஆளாளுக்கு எங்களக் கூப்புடுவாங்க. ஒரு வாரத்துக்கு நாங்க ஒன் கண்ணுலயே படமாட்டோம். இப்பவே நாத்தப் பறிச்சிப் போட்டுடலாம். ராத்திரி ஓட்டிப் பரம்படிச்சி வையி, விடிஞ்சதும் நட்டுடறோம்."

தண்ணீர் விட்ட வாரத்தில் நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ராஜதுரை டீயை அப்படியே வைத்துவிட்டு நாற்றங்காலுக்கு ஓடினான். மத்தியானத்துக்குள் பதினோரு பேரும் நாற்றங்காலைத் துடைத்துவிட்டார்கள். முடி முடியாகக் கட்டிய நாற்று வரப்பு நெடுகப் பச்சைப் பசேலென்று அடுக்கியிருந்தது. கால்வாயில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மூன்று மணி ஆனது. ராஜதுரை கால்வாயில் இறங்கி அரை மைல் நடந்து பார்த்துவிட்டு வந்தான். சட்டையெல்லாம் புழுதி. பொறுக்கமாட்டாமல் சிவசங்கருக்குப் போன் போட்டு, பேப்பரில் இருப்பதை அப்படியே படிக்கச் சொன்னான். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"‘முதல் கட்டமாகப் பழைய ஆற்று வாய்க்கால்களுக்கு மட்டும் இன்று தண்ணீர் திறக்கப்படுகிறது. புதிய கால்வாய்க்குப் பத்து நாட்கள் கழித்துத் திறக்கப்படும்.’ இன்னாபா, காலையில வேற மாதிரியில்ல படிச்சாங்க?"

பறித்த நாற்று இரண்டு நாள் தாங்கும், பத்து நாள் தாங்காது. ராஜதுரை காசியம்மாளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் நாற்று முடிகளின் பக்கத்தில் போய்க் குந்தினான். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"எனக்குச் சின்ன எழுத்து தெரியல," என்றாள். "ரெண்டு வருசமாத் தெரியல. நானா சொன்னேன். இன்னிக்கும் நானாத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கும்பலில் அவள் வயதுக்காரி சாலம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? நம்ம கலையரசி பன்னெண்டாவது படிச்சவ. நீ வெச்சிட்டுப் போற பேப்பர அவ தெனம் எடுத்துப் பாப்பா. நடிகைக்கு மாப்பிள்ளையும் இல்ல, அக்காளும் இல்ல. நீ சொல்றது பேப்பர விட ஜாஸ்தி நல்லா இருந்துச்சி, சும்மா இருந்தோம். தண்ணி விசயத்துல மட்டும் புளுகமாட்டேன்னு நம்பிட்டோம் போ."

காசியம்மாளுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்த இடத்தைத் தடவிக்கொண்டு உட்காருகிற பிறவி இல்லை அவள். யார் கழனி எந்த நிலையில் இருக்கிறது என்பது அவளுக்கு எந்தப் பேப்பரும் இல்லாமல் தெரியும். பழைய வாய்க்காலில் வளர்மதி கழனி இருக்கிறது. அவள் மாமியார் காரியத்தில் அலைந்து விதை விடப் பத்து நாள் பிந்திவிட்டாள். இன்றைக்கு அங்கே தண்ணீர் வந்திருக்கும், நாற்றோ இன்னும் சாண் உயரம் வரவில்லை.

"தம்பி, எழுந்திரு. டாடா ஏஸ் கூப்புடு," என்றாள்.

வண்டி நிறைய நாற்றோடு போய் இறங்கியபோது, வளர்மதி பாய்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்கே புரியவில்லை.

"வளரு, ராஜதுரையும் நீயும் ஒரே வெத டிப்போவுல ஒரே ரகந்தான வாங்கனீங்க? இத நீ நட்டுக்க. பத்து நாள் கழிச்சி ஒன் நாத்து அவனுக்கு. எடத்த மாத்திக்கினா ரெண்டு கழனியும் பொழைச்சிக்கும்."

வளர்மதி ஒரு முடியை அவிழ்த்து வேரைப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். "யக்கா, எந்த மகராசி இப்பவே பறிக்கச் சொன்னது?"

"நாந்தான்."

"நல்லா இரு போ," என்றாள் வளர்மதி, நாற்றை மார்போடு அணைத்துக்கொண்டு. ராஜதுரை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

மறுநாள் காலை காசியம்மாள் டீக்கடைக்கு வந்து, பேப்பரைத் தொடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சிவசங்கர் பேப்பரைக் கலையரசியிடம் கொடுத்தார். அந்தப் பெண் தண்ணீர் பட்ட பாடாகப் படித்தது, சின்ன எழுத்து உட்பட, ஒரு தப்பில்லாமல். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து பணம் கொடுக்கப் போனார்கள். கலையரசி பேப்பரை மடக்கினாள்.

"யக்கா, ‘காட்டில் காணாமல் போன யானை மூன்று நாளில் திரும்பியது.’ இதுக்கு நீ இன்னா சொல்ற?"

காசியம்மாள் டீயை ஊதினாள். வேண்டாம் என்றுதான் இருந்தாள். வாய் கேட்கவில்லை.

"அம்மா வூட்டுக்குப் போயிருக்கும். மூணு நாளுக்கு மேல அங்கயும் மரியாத இருக்காதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்குது."

எழுந்து போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

வளர்மதி கழனி நடவு முடிந்த அடுத்த திங்கட்கிழமை, கலையரசி காசியம்மாளைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பேப்பர் பழையபடி காசியம்மாள் கைக்கு வந்தது. கண்ணாடி வழியாகப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எறும்புகள் எல்லாம் எழுத்தாக மாறி ஒழுங்காக நின்றன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடி புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஐந்தாம் பக்கத்தின் கீழ் மூலையில் அவள் விரல் நின்றது.

"இன்னாடி, பதிலே காணோம்?" என்றாள் சாலம்மாள்.

காசியம்மாள் சத்தமாகப் படித்தாள். "‘புதிய கால்வாய் விவசாயிகள் தண்ணீர் வந்து சேர்ந்த பின்னரே நாற்று பறிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’" பேப்பரைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். "நடிகை கல்யாணத்த எம்மாம் பெருசா போட்டுக்கிறான் பாரு. இத மூலையில கடுகாட்டம் குந்த வெச்சிக்கிறான். நாளையிலருந்து நான் கீழ் மூலையிலருந்துதான் படிப்பேன்."

"அப்போ நடிகை கல்யாணம்?" என்று பதறினார் சிவசங்கர்.

"அத எதுக்குப் படிக்கணும்? எப்பவும்போல நானே சொல்றேன்," என்றாள் காசியம்மாள். "நடு அக்கா இன்னும் சமாதானம் ஆவல."